யூரியா மூச்சுப் பரிசோதனை: செய்துகொண்டவரின் மதிப்பீடு

ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியைக் கண்டறியும் இப்பரிசோதனையை எங்கள் ஊர் ஆய்வகமொன்றில் செய்துகொண்டேன். வெறும் வயிற்றில் ஒரு பையில் ஊதி, கார்பன்-13 (கார்பனின் சற்றுக் கனமான வகை) கொண்ட யூரியாக் கரைசலைக் குடித்து, அரை மணி நேரம் கழித்து இன்னொரு பையில் ஊதினால் முடிந்தது. எண்டோஸ்கோப்பிக் குழாயை விழுங்கியவர்களுக்கே இதன் அருமை புரியும்.

இரைப்பையில் அமிலம் ஏறியதும் கிருமியின் உட்சவ்விலுள்ள யூரெஐ என்னும் புரதக் கால்வாய் திறந்து யூரியாவை உள்ளே விட, யூரியேஸ் நொதி அதை உடைக்கிறது. அதில் உண்டாகும் அம்மோனியா அமிலத்தைத் தணித்துக் கிருமியைக் காக்கிறது, கார்பன்-13 கொண்ட கார்பன் டை ஆக்சைடோ நம் மூச்சில் கலந்து அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. வெளிச்சவ்வின் பாப்ஏ புரதம் இரைப்பைச் சுவரிலுள்ள லூயிஸ்-பி சர்க்கரையைப் பற்றிக்கொள்வதால் கிருமி எளிதில் அடித்துச் செல்லப்படுவதுமில்லை.

அமிலக் குறைப்பு மாத்திரையை 2 வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும் என்பதை முன்பதிவின்போது சொல்லாததால், நான் இருமுறை அலைய நேர்ந்தது.