தேய்ந்த லேத் பெட்: கையால் சுரண்டுவதா, கிரைண்டிங்குக்கு அனுப்புவதா, அப்படியே விடுவதா?

பழைய லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்றின் துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நீக்கியதும் முதலில் கண்ணில் படுவது, வேலைப்பொருளைப் பிடித்துச் சுழலும் சக்குக்கு அருகே, இயந்திரத்தின் நீண்ட அடித்தளமான பெட் தேய்ந்திருக்கும் பள்ளம். கடைசல் வேலையில் பெரும்பகுதி சக்கை ஒட்டிய குறுகிய தூரத்தில்தான் நடக்கிறது என்பதால், வெட்டும் டூலைச் சுமந்து பெட்டின் மேல் நகரும் சாடில் அங்கேயே பல்லாண்டுகள் முன்னும் பின்னும் ஓடியிருக்கும். வார்ப்பிரும்புத் தூளும் சிராய்களும் அதன் அடியில் புகுந்து அரைத்திருக்கும். சக்குக்கு எதிர்முனையில் தண்டைத் தாங்கும் டெயில்ஸ்டாக் பக்கத்துக் கடைசிப் பகுதியோ தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று இருந்ததைப் போலவே இருக்கும். இந்த ஏற்றத்தாழ்வுக்கு வீட்டுப் பட்டறைக்காரர் முன்னால் நான்கு வழிகள் உள்ளன: பெட்டைக் கையால் ஸ்கிரேப் செய்வது (சுரண்டிச் சமப்படுத்துவது), இயந்திரத்தில் அரைக்கும் கிரைண்டிங்குக்கு அனுப்புவது, சாடிலின் அடியில் பாலிமர் பூச்சோ பட்டையோ கொடுப்பது, பெட்டைத் தொடாமல் விடுவது. பள்ளத்தின் ஆழத்தை மட்டும் பார்த்து இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. தேய்மானம் டூலை எந்தத் திசையில் நகர்த்துகிறது என்பதே இதைத் தீர்மானிக்க வேண்டும்.

25 மி.மீ. விட்டமுள்ள தண்டைக் கடையும்போது டூல் மைய உயரத்திலிருந்து 0.1 மி.மீ. கீழே இறங்கினால், விட்டத்தில் ஏற்படும் பிழை ஒரு மைக்ரானைக்கூட (0.001 மி.மீ.) எட்டாது. அதே டூல் கடைபவரை நோக்கி 0.05 மி.மீ. விலகினால் விட்டம் 0.1 மி.மீ. கூடிவிடும். பயமுறுத்தும் பள்ளம் தீங்கற்றதாகவும், கண்ணுக்குத் தெரியாத பக்கவாட்டுத் தேய்மானம் வேலையைக் கெடுப்பதாகவும் இருக்கக் காரணம் இதுதான். ஆனால் பெட்டின் மேல் சாடில் ஓடும் முன் தடமும் பின் தடமும் ஒரே அளவில் தேய்வதில்லை என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. தடங்களுக்கு இடையே 150 மி.மீ. அகலமும், பெட்டிலிருந்து, சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் மையத்துக்கு 100 மி.மீ. உயரமும் கொண்ட ஒரு லேத்தில் முன் தடம் மட்டும் 0.06 மி.மீ. தாழ்ந்தால், சாடில் முன்பக்கமாகச் சாய்ந்து, டூல் முனை 0.04 மி.மீ. வெளியே வரும், விட்டத்தில் அது 0.08 மி.மீ. ஆகும். தட்டையான பெட் கொண்ட லேத்துகளும் இந்தச் சாய்விலிருந்து தப்புவதில்லை. 'வி' வடிவத் தடங்களில், இரு சரிவுகளும் சமமாகத் தேயாதபோது நேரடியான பக்கவாட்டு நகர்வும் இதனோடு சேர்ந்துகொள்ளும்.

ஆகவே முதல் வேலை அளப்பது. ஒரு மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் துல்லியமான லெவலைச் சாடிலின் மேல் குறுக்காக வைத்துப் பெட்டின் முறுக்கை நீக்க வேண்டும். முறுக்கிய பெட் தேய்ந்த பெட்டைப் போலவே நடந்துகொள்ளும், அடிபோல்ட்டைச் சரிசெய்தாலே தீரக்கூடிய குறைக்காகப் பெட்டைச் சுரண்டத் தொடங்கியவர்களும் உண்டு. லெவலை வைக்கும் இடம் தேயாத கடைசிப் பகுதியாக இருப்பது நல்லது, ஏனெனில் பள்ளத்தின் நடுவே அது தேய்மானச் சாய்வையும் முறுக்கையும் கலந்தே காட்டும். பிறகு தண்டின் இரு முனைகளையும் தாங்கும் கூர்முனைகளான இரண்டு சென்டர்களுக்கு இடையே நேரான சோதனைத் தண்டைப் பிடித்து, டூல் போஸ்ட்டில் பொருத்திய, நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜை அதன் பக்கவாட்டில் வைத்துச் சாடிலை முழு நீளத்துக்கும் நகர்த்திப் பார்க்க வேண்டும். முள் சீராக ஒரே திசையில் ஏறினால் அது டெயில்ஸ்டாக்கின் விலகல், திருகைத் திருப்பினால் சரியாகும். முள் சக்குக்கு அருகே மட்டும் வளைந்து போனால் அதுவே தேய்மானம்.

இந்த அளவு சிறியதாக இருந்து, செய்யும் வேலைகளும் குட்டையானவையாக இருந்தால், பெட்டைத் தொடாமல் விடுவதே சரியான முடிவு. அது சோம்பலின் முடிவு அன்று. 50 மி.மீ. நீளத்துக்குள் கடையும்போது பள்ளத்தின் வளைவு பெரும்பாலும் உணரப்படுவதே இல்லை. இதில் உள்ள தொல்லை, சாடிலின் தளர்வைக் கட்டுப்படுத்தும் ஜிப் பட்டையைச் சரிசெய்வதில்தான்: சக்கருகே இறுக்கினால் சாடில் டெயில்ஸ்டாக் பக்கம் போகாமல் சிக்கிக்கொள்ளும், அங்கே தளர்த்தினால் சக்கருகே ஆடும். நீளமான தண்டுகளை அடிக்கடி கடைபவரால் இந்தச் சமரசத்தோடு வாழ முடியாது.

தட்டையான பெட் உடையவர்களுக்கு இன்னொரு எளிய வழி உண்டு. 1946-இல் வெளிவந்த மைஃபோர்ட் எம்.எல்.7 போன்ற லேத்துகளில் சாடிலை வழிநடத்துவது முன் தடத்தின் செங்குத்துப் பக்கங்கள் மட்டுமே. பின் தடத்தின் வெளிப்பக்கம் பெரும்பாலும் தேயாமலே இருக்கும். சாடிலில் ஒரு பட்டையைப் பொருத்தி அந்தத் தேயாத பக்கத்தைப் பயன்படுத்திக்கொண்டால் பக்கவாட்டுப் பிழை பெருமளவு நீங்கும். பெட்டிலிருந்து ஒரு மைக்ரானும் நீக்காமல் கிடைக்கும் இந்தப் பலனைப் பலர் கவனிப்பதில்லை.

ஸ்கிரேப்பிங்கும் கிரைண்டிங்கும்தான் உண்மையான போட்டியாளர்கள். கையால் ஸ்கிரேப் செய்வதற்கு வேண்டியவை கார்பைடு முனையுள்ள ஸ்கிரேப்பர், மேடான இடங்களைக் காட்டும் பிரஷ்யன் ப்ளூ மை, பெட்டின் நீளத்துக்கு நெருங்கிய ஸ்ட்ரெயிட் எட்ஜ் (நேர்விளிம்புச் சட்டம்), அதைச் சோதிக்கத் துல்லியமான தட்டைப் பலகையான ஒரு சர்ஃபேஸ் பிளேட். ஒரு சுற்று ஸ்கிரேப்பிங் சில மைக்ரான்களை மட்டுமே எடுக்கும். அதனால்தான் வேறெந்த முறையும் தராத கட்டுப்பாட்டை அது தருகிறது. சுரண்டிய பரப்பில் தங்கும் நுண்ணிய குழிகள் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்வது கூடுதல் நன்மை. ஆனால் உழைப்பின் கணக்கு கொடியது: 0.1 மி.மீ. பள்ளத்தை நீக்குவது என்றால் பள்ளத்தைச் சுரண்டுவது அல்ல, பள்ளமில்லாத மீதிப் பெட் முழுவதையும் அந்த அளவுக்குக் கீழே கொண்டுவருவது. நீளமான, தேயாத பகுதிதான் நம் கைகளைத் தேய்க்கும். 0.03 மி.மீ. அளவுக்குள் உள்ள தேய்மானத்துக்குப் பொறுமையுள்ளவர் தாராளமாக இதில் இறங்கலாம்; அதற்கு மேல் போனால், ஸ்கிரேப்பிங்கில் முன்பழக்கம் இல்லாதவரை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

பெட் கடினப்படுத்தப்பட்டதாக இருந்தால் இந்த விவாதமே எழாது. தடத்தின் ஓரத்தில், பயன்படாத ஓரிடத்தில், அரத்தை மெதுவாக இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: பற்கள் பிடிக்காமல் வழுக்கினால் கிரைண்டிங் ஒன்றே வழி. கிரைண்டிங் வேகமானது, நீண்ட பெட்டிலும் நேர்த்தியைத் தருவது. அதன் வெற்றி, இயந்திரத்தில் பெட்டைப் பிடிக்கும் விதத்தில் இருக்கிறது. சமமற்ற அடிப்பாகத்தை வலிந்து இறுக்கிப் பிடித்து அரைத்தால், தளர்த்தியதும் பெட் தன் பழைய வளைவுக்குத் திரும்பிவிடும். எந்தப் பரப்புகளை ஆதாரமாகக் கொண்டு நிலைநிறுத்தப் போகிறார்கள் என்று அனுப்புவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சாடிலை நகர்த்த உதவும் பல்பட்டையான ரேக்கைப் பொருத்தும் முகமும், ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட்ஸ்டாக்கின் அடியிலுள்ள தேயாத பகுதியும் நம்பத்தக்க ஆதாரங்கள்.

கிரைண்டிங்குக்குப் பின்னும் வேலை முடிவதில்லை. பெட் 0.2 மி.மீ. குறைந்தால் சாடிலும் அதனோடு முன்புறம் தொங்கும் ஏப்ரன் பெட்டியும் அவ்வளவு இறங்கும். சாடிலின் சொந்தத் தேய்மானமும் அதில் சேரும். ஆனால் சாடிலைத் தானாக நகர்த்தும் லீட் ஸ்க்ரூவும் ஃபீட் ராடும் தாங்கு பிராக்கெட்டுகளில் பழைய உயரத்திலேயே நிற்கும். பாலிமருக்கான இடம் இங்கேதான். வெண்கலத் தூள் கலந்த டர்சைட் பட்டையைச் சாடிலின் அடியில் ஒட்டிச் சுரண்டிப் பொருத்தலாம், அல்லது மோக்லைஸ் போன்ற எப்பாக்சி வார்ப்பைப் பெட்டின் மேலேயே வார்த்து உயரத்தை மீட்கலாம். அசைவைத் தொடங்கத் தேவைப்படும் உராய்வும் ஓடும்போதுள்ள உராய்வும் இந்தப் பொருள்களில் ஏறக்குறைய ஒன்றே என்பதால், சாடில் துள்ளாமல் மெதுவாக நகரும். பழைய வார்ப்பிரும்பு எண்ணெயை உறிஞ்சி வைத்திருக்கும். அதை முழுமையாக நீக்காமல் ஒட்டினால் பட்டை உரிந்து வரும். பெட்டைச் சரிசெய்யாமல் சாடிலுக்கு மட்டும் பாலிமர் கொடுத்தால் போதும் என்ற எண்ணமும் ஏமாற்றத்தில்தான் முடியும்: தேயாத பகுதியில் பொருந்துமாறு வார்த்த சாடில், பள்ளத்துக்கு வந்ததும் ஆடவே செய்யும்.

மென்மையான பெட், 0.1 மி.மீ.க்கு மேற்பட்ட பக்கவாட்டுப் பிழை, நீண்ட வேலைகள் ஆகிய மூன்றும் சேர்ந்த லேத்துக்கு என் தேர்வு, பெட்டைக் கிரைண்டிங்குக்கு அனுப்பிவிட்டு, சாடிலைப் பட்டை ஒட்டிக் கையால் ஸ்கிரேப் செய்து பொருத்துவது. சாடில் சிறியது, மேசையில் தூக்கி வைக்கக்கூடியது, ஸ்கிரேப்பிங் கற்பதற்கும் ஏற்றது. பட்டையின் தடிமனை முடிவு செய்யும்போது, சுரண்டி எடுக்கப்போகும் அளவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். எல்லாவற்றையும் பூட்டிய பிறகு, டயல் கேஜை லீட் ஸ்க்ரூவின் மேல் வைத்து, சாடிலைப் பெட்டின் நடுவில் நிறுத்தி, ஸ்க்ரூவைக் கவ்வும் ஹாஃப் நட்டை மூடிப் பார்க்கலாம். முள் அசையாமல் நின்றால் உயரம் சரி, ஸ்க்ரூ மேலோ கீழோ இழுபட்டால் முள் காட்டும் அளவுக்குப் பிராக்கெட்டுகளில் ஷிம் (மெல்லிய தகடு) மாற்ற வேண்டும்.