செட்டில் – கார்லைல் ரயில்: பல வருடம் போய்வந்தவனின் மதிப்பீடு

இங்கிலாந்தின் வடக்கே லீட்ஸிலிருந்து செட்டில் வழியாகக் கார்லைல் போகும் ரயிலில் வருடக்கணக்காகப் போய்வருகிறேன். பாதி வேலைக்காக, பாதி வேடிக்கை பார்க்க. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாதைக்கு முழு மார்க், அதில் ஓடும் ரயிலுக்குப் பாஸ் மார்க்தான்.

செட்டிலுக்குச் சற்று முன்பே ஏற்றம் ஆரம்பித்துவிடும். நூறு அடிக்கு ஓரடி என்ற கணக்கில் சுமார் 15 மைல் ஏற வேண்டும். கரி அள்ளிப் போட்டு நீராவி எஞ்சினை மேலே ஏற்றியவர்கள் இதை ‘நீண்ட இழுவை’ என்றார்களாம். இன்றைய டீசல் ரயிலும் அங்கே முனகிக்கொண்டுதான் ஏறும்.

எல்லோரும் பார்க்க வருவது ரிபிள்ஹெட் பாலத்தை. 24 வளைவுகள், 104 அடி உயரம், கால் மைல் நீளம். ஆனால் ரயிலுக்குள் உட்கார்ந்திருந்தால் பாலம் சரியாகத் தெரியாது, கடந்துபோனதே சிலருக்குத் தெரிவதில்லை. ரிபிள்ஹெட்டில் இறங்கி, அடியில் நடந்து பாருங்கள். ஆறு தூணுக்கு ஒரு தூண் பருமனாக இருக்கும். ஒரு தூண் விழுந்தாலும் மொத்தப் பாலமும் சரிந்துவிடக் கூடாது என்று செய்த ஏற்பாடு. பாலம் கட்டிய தொழிலாளர்கள் குடிசை போட்டிருந்த இடம் இப்போது வெறும் ஈரப் புல்வெளி. விபத்திலும் நோயிலும் அத்தனை பேர் இறந்ததால், பக்கத்துச் சேப்பல்-லி-டேல் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தையே பெரிதாக்க வேண்டியிருந்தது. இறங்கும் முன் அடுத்த ரயில் எப்போது என்று பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு மணி நேரம்கூட ஆகலாம்.

இந்தப் பாதையைக் கட்டிய மிட்லண்ட் ரயில்வேக்கே ஒரு கட்டத்தில் இது வேண்டாமல் போயிற்று. ஸ்காட்லாந்து போக அவர்கள் போட்டிக் கம்பெனியின் தண்டவாளத்தை நம்பியிருந்தார்கள். அந்தக் கம்பெனியோ மிட்லண்ட் பெட்டிகளைச் சரக்கு வண்டியில் கோத்து இழுத்தடித்தது. சரி, சொந்தப் பாதையே போடுவோம் என்று அனுமதி வாங்கினார்கள். பிறகு சமாதானம் ஆகி, திட்டத்தைக் கைவிடப் பார்த்தபோது 1869-ல் நாடாளுமன்றம் விடவில்லை. 1876-ல் பயணிகள் ரயில் ஓடியது. நூறு வருடம் கழித்து பிரிட்டிஷ் ரயில் நிர்வாகத்துக்கும் இதே கதி. பாலத்தைப் பழுதுபார்க்கும் செலவைக் காட்டி 1980-களில் பாதையை மூடப் பார்த்தார்கள். மூடும் வேலையை மேற்பார்வையிட வந்த ரான் காட்டன் ரயில்களைக் கூட்டி, 1970-ல் பூட்டிய சிறிய நிலையங்களையும் திறக்க வைத்தார்! எதிர்ப்பு மனுக்களில் ரஸ்வார்ப் என்ற நாயின் காலடித் தடமும் உண்டு. டிக்கெட் எடுத்துப் போன நாயாயிற்றே. கார்ஸ்டேல் நிலையத்தில் அதற்குச் சிலை இருக்கிறது. 1989-ல் அரசு மூடும் முடிவைக் கைவிட்டது.

இனி குறைகள். வழக்கமாக வருவது இரண்டு பெட்டி ரயில். கோடைச் சனிக்கிழமைகளில் மலையேறுபவர்கள் பையும் பூட்ஸுமாக வழியை அடைத்து நிற்பார்கள். சில இருக்கைகளுக்கு நேரே ஜன்னல் இல்லை, தகரம்தான். இவ்வளவு அழகான பாதையில் இது எனக்கு ஆறாத எரிச்சல். போன் சிக்னல் நடுவழியில் போய்விடும், அதை நான் குறையாக எண்ணவில்லை.

டென்ட் நிலையத்தில் இறங்கி டென்ட் கிராமத்துக்கு நடக்கலாம் என்று நினைப்பவர்கள் வரைபடத்தைப் பார்த்துவிடுவது நல்லது. நிலையம் 1,150 அடி உயரத்தில் நிற்கிறது, இங்கிலாந்தின் பிரதான பாதைகளில் இதைவிட உயரமான நிலையம் கிடையாது. கிராமம் நான்கு மைல் தள்ளி, பள்ளத்தாக்கின் அடியில். திரும்பி ஏறுவதை நினைத்தால் எனக்கு இப்போதும் முழங்கால் வலிக்கும்.

வடக்கே போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள். பிளீ மூர் சுரங்கத்திலிருந்து வெளியே வந்ததும் டென்ட் பள்ளத்தாக்கு அந்தப் பக்கம்தான் திறக்கும். ஆப்பிள்பி தாண்டியதும் வலப்பக்கம் மாறிக்கொண்டால் லாசன்பிக்கு அப்புறம் ஈடன் ஆறு கூடவே வரும். அந்த ஆற்றங்கரைதான் 2016-ல் சரிந்து, ஒரு வருடத்துக்கு மேல் ரயில் கார்லைல் வரை முழுதாக ஓட முடியாமல் செய்தது.

குளிர்கால வாரநாள் காலை ரயில்தான் என் தேர்வு. கூட்டம் இல்லை, இரண்டு பக்கமும் மாறி மாறி உட்காரலாம். டீ தள்ளுவண்டி எல்லா ரயிலிலும் வராது, பிளாஸ்கில் கொண்டுபோய்விடுங்கள்.