மியூஸ்கோர் ஸ்டூடியோ 4: தாளை நம்பலாம், ஒலியை நம்பி அனுப்ப வேண்டாம்

பியானோவுக்கு ஓர் உருப்படி எழுதி முடித்ததும், விஷயம் தெரிந்த நாலு பேரிடம் காட்டி அபிப்பிராயம் கேட்கத் தோன்றும். அப்போது அவர்கள் கையில் முதலில் இருக்க வேண்டியது தெளிவான நோட்டேஷன் தாள். அதைத் தயாரிக்க மியூஸ்கோர் ஸ்டூடியோ 4 என்ற கணினி நிரல் தாராளமாகப் போதும். தனிப் பியானோவுக்கு விலை கொடுத்து வேறொன்றை வாங்க அவசியமில்லை. ஆனால் அது வாசித்துக் காட்டும் ஒலியை எம்பி3 ஆக்கி, அதை மட்டும் அனுப்பிக் கருத்துக் கேட்பது வீண். வரும் பதில்களில் எது இசையைப் பற்றியது, எது கணினி ஒலியைப் பற்றியது என்று பிரித்தெடுக்கவே முடியாது.

பெயர்க் குழப்பம் ஒன்றை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். நோட்டேஷன் எழுதும் நிரல் முற்றிலும் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பிறர் எழுதியவற்றைப் பார்க்கவும் இறக்கவும் சந்தா கேட்கும் தளம் அதே பெயரில் தனியாக இருக்கிறது. நிரலுக்கு அந்தச் சந்தா தேவையில்லை. கைபேசிச் செயலி பார்க்கவும் கேட்கவும்தான். எழுதக் கணினி வேண்டும்.

பழகிவிட்டால் எழுதும் வேகம் அருமை. முதலில் கால அளவுக்கான எண்: 5 கிராட்செட், 4 அதில் பாதியான குவேவர், 6 அதைப்போல் இரட்டிப்பான மினிம். அடுத்து நோட்டின் பெயர் எழுத்து. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு எழுத்தைத் தட்டினால் அதே கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் நோட்டுத் தொகுப்பில்) இன்னொரு நோட்டு சேரும். பலரும் சறுக்குவது வாய்ஸ் (ஒரே ஐந்து கோட்டு வரியில் தனித் தாளத்தில் ஓடும் நோட்டு வரிசை) விஷயத்தில். வலது கையில் மேல் நோட்டு மினிமாக நீள, கீழே குவேவர்கள் ஓடுகின்றன என்றால் இரண்டையும் ஒரே வாய்ஸில் அடக்க முடியாது. இது தெரியாமல் மேல் நோட்டைத் துண்டு துண்டாக்கி டை (இணைக்கும் வளைகோடு) போட்டு ஒட்டுகிறார்கள். படிப்பவருக்கு எது மெலடி என்றே புரிவதில்லை. கண்ட்ரோல், ஆல்ட், 2 மூன்றையும் சேர்த்துத் தட்டி இரண்டாம் வாய்ஸுக்குப் போய் ஓடும் நோட்டுகளை எழுதினால் தண்டுகள் தாமாகவே கீழ்நோக்கி நிற்கும். இரண்டாம் வாய்ஸில் மிச்சமாகும் ரெஸ்டுகளை (மௌனக் குறிகளை) டெலீட் விசையால் நீக்கலாம். அதுபோல, கார்டின் நோட்டுகளை ஒவ்வொன்றாக வாசிக்கும் இடது கை ஆர்பெஜியோ மேல் ஸ்டாஃபுக்கு (ஐந்து கோட்டு வரிக்கு) ஏறும்போது அந்த நோட்டுகளை வலது கையில் புதிதாக எழுதக் கூடாது. தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல், ஷிஃப்ட், மேல் அம்பு என்று தட்டினால் பீம் (தண்டுகளை இணைக்கும் பட்டை) அறுபடாமல் மேலே போகும்; எந்தக் கை வாசிக்கிறது என்பதும் தெளிவாக இருக்கும்.

கணினியோடு இணைக்கும் மிடி கீபோர்டு வழியாக நோட்டுகளை உள்ளிடுபவர்கள் நோட்டின் பெயரில் வரும் எழுத்துப் பிழையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கறுப்புக் கட்டையை அழுத்தினால் அது டி ஷார்ப்பா, ஈ ஃப்ளாட்டா என்று நிரல் ஊகிக்கத்தான் முடியும். ஈ மைனரில் பி மேஜர் கார்டின் நடு நோட்டு ஈ ஃப்ளாட் என்று அச்சானால், ஹார்மனி தெரிந்தவர் அங்கேயே நின்றுவிடுவார். ‘இங்கே ஏன் இந்தக் கார்டு?’ என்ற தேவையில்லாத கேள்வி வரும். நோட்டைத் தேர்ந்து ஜே விசையைத் தட்டினால் எழுத்து மாறும். ஐந்து நிமிட வேலை.

பார் (இரு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதி) எண்கள் வழக்கமாக ஒவ்வொரு வரியின் தொடக்கத்தில் மட்டும் வரும். கருத்துக் கேட்கும் பிரதிக்கு அது போதாது. ஸ்டைல் அமைப்பில் ஒவ்வொரு பாருக்கும் எண் வரும்படி மாற்றுங்கள். பகுதி மாறும் இடத்தில் கண்ட்ரோலோடு எம் தட்டி ரிஹர்சல் குறி வையுங்கள். வரிக்கு நாலு பார் என்பது பெரும்பாலும் சரியாக இருக்கும். எங்கே மடக்க வேண்டுமோ அந்த பார்கோட்டைத் தேர்ந்து என்டர் தட்டினால் வரி மடங்கும்.

இனி ஒலி. மியூஸ் ஹப் வழியாகத் தனியாக இறக்கும் மியூஸ் சவுண்ட்ஸ் பியானோ காதுக்கு இனிமையானது. நிரலோடு வரும் அடிப்படை ஒலியைவிட வெகுதூரம் முன்னேறியது. அந்த இனிமையே ஆபத்து. மனிதக் கைக்கு முடியாததையும் அது சிரமமின்றி வாசித்துவிடும். பியானோவின் 88 கட்டைகளைத் தாண்டினால் நிரல் நோட்டின் நிறத்தை மாற்றி எச்சரிக்கும். கை எட்டுமா என்பதை அது பார்ப்பதே இல்லை. ஓர் ஆக்டேவ் அகலம் சுமார் 16.5 சென்டிமீட்டர். அதற்கு மேல் இரண்டு வெள்ளைக் கட்டை தள்ளி டென்த் வைத்து, நடுவில் இன்னும் இரண்டு நோட்டு நிரப்பினால் பலருடைய கைக்கு அது எட்டாது. டெம்போ நிமிடத்துக்கு 120 கிராட்செட் என்றால், அதில் கால் பங்கான ஒரு செமிகுவேவருக்குக் கிடைப்பது 0.125 நொடி. அதற்குள் இடது கை இரண்டு ஆக்டேவ் தாவ வேண்டும் என்று எழுதினாலும் கணினி முகம் சுளிக்காது. இடது கை பிடித்துக்கொண்டிருக்கும் அதே கட்டையை வலது கை மறுபடி தட்டும்படி எழுதியிருந்தாலும் இரண்டும் ஒலிக்கும். நிஜப் பியானோவில் இடது கை விரலை எடுத்தாக வேண்டும். ஒரே நோட்டை வேகமாகத் திரும்பத் திரும்பத் தட்டும் இடங்களும் அப்படியே. கிராண்ட் பியானோவில் கட்டை முழுதும் மேலே வராமலே மறுபடி தட்ட முடியும். அப்ரைட்டில் அது ஏறக்குறைய முழுதும் எழ வேண்டும். வாசித்துப் பார்ப்பவரிடம் இருப்பது அப்ரைட் என்றால் அந்த இடம் கட்டாயம் தடுக்கும்.

தாழ்ந்த ஸ்தாயியில் நெருக்கமாக வைக்கும் கார்டுகள் இன்னொரு கண்ணி. மிடில் சிக்கு ஓர் ஆக்டேவ் கீழே உள்ள சி சுமார் 131 ஹெர்ட்ஸ்; அதற்கும் கீழே போய் மூன்றாம் இடைவெளியில் இரண்டு நோட்டை வைத்தால் அவற்றோடு சேர்ந்து ஒலிக்கும் மேல் ஸ்வரங்கள் (ஓவர்டோன்கள்) ஒன்றோடொன்று மோதி நிஜப் பியானோவில் கொழகொழப்பாகும். மடிக்கணினியின் சிறு ஸ்பீக்கர் அந்த அடி ஒலியைச் சரியாகத் தராது என்பதால் எழுதும்போது சுத்தமாகவே கேட்கும். ஹெட்ஃபோனில் ஒருமுறை, பியானோவில் ஒருமுறை கேட்காமல் அனுப்பாதீர்கள்.

பெடல் குறி போடாவிட்டால் கணினி பெடல் இல்லாமல்தான் வாசிக்கும். ‘பெடலோடு’ என்று வெறும் எழுத்தாகப் போட்டால் அதற்குப் புரியாது. குறிகள் அடங்கிய பேலட்டிலிருந்து பெடல் கோட்டை எடுத்து, ஹார்மனி மாறும் இடமெல்லாம் மாற்றுக் குறி வைக்க வேண்டும். ‘வறட்சியாக இருக்கிறது’ என்ற விமர்சனத்துக்குப் பல நேரம் இதுதான் காரணம். அடுத்தது சமநிலை. டைனமிக்ஸ் (ஒலியளவு) குறி பொதுவாக இரண்டு ஸ்டாஃபையும் ஆளும். இடது கை மெலடியை அமுக்குவதாகத் தோன்றினால் அந்தக் கைக்கு மட்டும் பொருந்தும் மென்மைக் குறி ஒன்றைத் தனியே வைத்து, வி விசையால் அச்சில் தெரியாமல் மறைக்கலாம். ரிடார்டாண்டோ (படிப்படியாக வேகம் குறைதல்), அக்செலராண்டோ (வேகம் கூடுதல்) இரண்டும் 4ஆம் பதிப்பில் ஒலியிலும் வேலை செய்கின்றன. ஆனால் ஒரு ஃப்ரேஸின் மூச்சை இப்படிக் குறி குறியாக வைத்து உண்டாக்க முயல்வதைவிட, தடுமாறினாலும் கையால் வாசித்துப் பதிவுசெய்வது எவ்வளவோ மேல்.

அந்தப் பதிவிலும் ஒரு சிக்கல் உண்டு. கைபேசி மைக் சத்தத்தைத் தானே ஏற்றி இறக்கும். மிக மென்மையான பியானிஸிமோவும் பலமான ஃபார்ட்டேயும் ஒரே அளவாகிவிடும். அந்தத் தானியங்கி அமைப்பை அணைக்க வழி தரும் பதிவுச் செயலியைப் பயன்படுத்துங்கள். கைபேசியைப் பியானோ மேல் வைத்தால் அதிர்வும் சேர்ந்து பதியும். ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். டிஜிட்டல் பியானோ என்றால் லைன் அவுட் வழியே நேராக எடுப்பதே நல்லது.

அனுப்ப வேண்டியவை மூன்று: பிடிஎஃப், கையால் வாசித்த பதிவு, நிரலின் மூலக் கோப்பு. 4இல் சேமித்ததை 3ஆம் பதிப்பு திறக்காது. எதிரில் இருப்பவர் டொரிக்கோவோ சிபேலியஸோ போன்ற வேறு நோட்டேஷன் நிரல் வைத்திருந்தால், நிரல்களுக்கிடையே பரிமாறும் மியூசிக்எக்ஸ்எம்எல் கோப்பாக்கிக் கொடுங்கள். நோட்டுகள் பத்திரமாகப் போய்ச் சேரும், ஸ்லர்களின் (நோட்டுகளைச் சேர்த்து வாசிக்கச் சொல்லும் வளைகோடுகளின்) வளைவும் இடைவெளிகளும் குலையலாம். மிடி கோப்பை நோட்டேஷனுக்குப் பதிலாக அனுப்பவே கூடாது. அதில் ஸ்லர் இல்லை, விரலெண் இல்லை, ஷார்ப்பா ஃப்ளாட்டா என்ற வேறுபாடும் இல்லை.

மியூஸ்கோரின் பெரிய குறை கடைசியில்தான் தெரியும்: பார்ப்பவர் கருத்து எழுதி ஒட்ட இடமில்லை. டொரிக்கோவிலும் சிபேலியஸிலும் அச்சில் வராத கருத்துக் குறிப்பை நோட்டின் மேலேயே வைக்கலாம். இங்கே பார்ப்பவர் பிடிஎஃப்பில் கோடு போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அல்லது கண்ட்ரோலோடு டி (T) தட்டி வரும் ஸ்டாஃப் டெக்ஸ்டைச் சிவப்பாக்கி எழுத வேண்டும். எனவே கேள்விகளை முன்கூட்டியே பார் எண்ணோடு எழுதிக் கொடுப்பது நல்லது: ‘17 முதல் 20 வரை இடது கை எட்டுகிறதா? 24இல் பெடலை எங்கே மாற்றுவீர்கள்? 32இல் முதல் மெலடி திரும்புவது காதுக்குத் தெரிகிறதா?’