மல்லிக்குக் கருத்தடை: பக்கத்து கிளினிக்கா, கல்லூரி மருத்துவமனையா, தூரத்து முயல் டாக்டரா?

கடையில் “ரெண்டுமே பொட்டைதான்” என்று சொல்லித்தான் எங்கள் முயல்கள் மல்லியையும் முத்துவையும் கொடுத்தார்கள். ஐந்து மாதம் கழித்து ஒருநாள் மல்லி தன் நெஞ்சு முடியை வாயால் பிடுங்கிப் பிடுங்கி கூண்டு மூலையில் மெத்தை போட்டாள், மறுநாள் காலையில் பார்த்தால் அதற்குள் ஐந்து குட்டிகள். முத்து ஆண் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முயலுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள்தான், குட்டி போட்ட அன்றைக்கே மறுபடியும் சினை பிடிக்கும் என்பதால் ஒரு மணி நேரம்கூட யோசிக்காமல் முத்துவை வேறு அறைக்கு மாற்றினோம். குட்டிகளுக்கு நல்ல வீடுகள் கிடைத்தன. அப்புறம்தான் இனி என்ன செய்வது என்ற பேச்சே வந்தது.

அம்மா சொன்னது, பிரித்தே வைத்துவிடலாம் என்று. செலவில்லை, ஆபத்தில்லை. மூன்று மாதம் அப்படித்தான் வைத்திருந்தோம். முத்து கதவடியில் மூத்திரம் பீய்ச்சி அடிப்பான், மல்லி கூண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டே இருப்பாள், நடுவில் ஒருமுறை இணை சேராமலேயே பொய்ச்சினை வந்து இரண்டு வாரத்துக்கு மேல் யாரையும் பக்கத்தில் விடாமல் உறுமினாள். முயல் கூட்டமாக வாழும் பிராணி. வாழ்நாள் முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக வைத்திருப்பதை என்னால் தீர்வாக நினைக்க முடியவில்லை.

அடுத்தது, முத்துவுக்கு மட்டும் கருத்தடை செய்வது. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, சீக்கிரம் தேறிவிடும், செலவும் குறைவு. விந்து தங்கியிருக்கும் என்பதால் அதற்குப் பிறகும் நாலிலிருந்து ஆறு வாரம் தனியே வைக்க வேண்டும், அவ்வளவுதான். குட்டிப் பிரச்சினை மட்டும்தான் என்றால் இதுவே போதும், நானும் இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் மல்லியின் கருப்பை அப்படியே இருக்கும். வளர்ப்புப் பெண் முயல்களுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் பார்க்கப்படுவது கருப்பைப் புற்றுநோய், வயது ஏற ஏற அது கூடிக்கொண்டே போகும், நாலு வயதைத் தாண்டிய முயல்களில் சில இனங்களில் பாதிக்கும் மேலானவற்றுக்கு வருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. வீட்டு முயல் எட்டு, பத்து வருடம் வாழக்கூடியது. “நல்லா ஓடியாடுற ஜீவனை எதுக்கு அறுக்கணும்” என்று அம்மா கேட்டபோது என்னிடம் இருந்த பதில் இதுதான்: நல்லா ஓடியாடும்போது அறுத்தால்தான் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

பயம் எனக்கும் இருந்தது. 2008-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில் மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பூனைகளில் 0.24 சதவீதமும் முயல்களில் 1.39 சதவீதமும் இறந்திருக்கின்றன, வித்தியாசம் பெரியதுதான். அதே ஆய்வில் ஆரோக்கியமான முயல்களை மட்டும் எடுத்தால் 0.73. இன்னொன்றும் கவனித்தேன், முயல் சாவுகளில் பெரும்பகுதி அறுவை முடிந்த பிறகு நடந்தவை. எந்த டாக்டர் என்று தேடும்போது இந்த ஒரு விஷயத்தைத்தான் பிடித்துக்கொண்டேன்: கத்தி பிடிப்பவர் மட்டுமல்ல, அதற்குப் பிறகு யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

நம் ஊரில் முயல் என்றால் பெரும்பாலும் பண்ணைப் பிராணி. நீலகிரியில் சாண்டிநல்லா, கொடைக்கானல் பக்கம் மன்னவனூர் என்று ஆராய்ச்சி நிலையங்களே இருக்கின்றன, எல்லாம் இறைச்சிக்கும் ரோமத்துக்குமான வளர்ப்பு. அதனால் காதுச் சொறி, கழிச்சல், இனப்பெருக்கம் பற்றிச் சொல்லக் கால்நடை டாக்டர்கள் இருக்கிறார்கள், ஆனால் பண்ணையில் யாரும் பெண் முயலுக்குக் கருப்பையை எடுப்பதில்லை. “முயல் பாப்பீங்களா?” என்று போனில் கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். கேட்க வேண்டியது, பெண் முயலுக்கு இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள், கடைசியாக எப்போது என்பது.

வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஒரு கிளினிக். நாய், பூனைக்கு அருமையான டாக்டர், கட்டணமும் கையைக் கடிக்காது. ஆண் முயல் மூன்று செய்திருக்கிறேன், பெண் செய்ததில்லை என்று அவரே நேர்மையாகச் சொன்னார். அவரிடம் ஊசி மயக்கம்தான், வாயு மயக்கம் கிடையாது. கடைசியில் வேண்டாம் என்று முடிவெடுத்தது வேறொன்றால்: முந்தின நாள் ராத்திரியிலிருந்து பட்டினி போடுங்கள் என்று உதவியாளர் சொன்னார். நாய்க்கு அது சரி, மயக்கத்தில் வாந்தி வரும். முயலால் வாந்தியே எடுக்க முடியாது, அதற்குக் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றுவிட்டால் அதுவே உயிருக்கு ஆபத்து. இந்த ஒரு கேள்வியை எல்லோரிடமும் கேளுங்கள், பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

1903-இல் தொடங்கி இப்போது வேப்பேரியில் இருக்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியைப் பற்றி நிறைய யோசித்தேன். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கல்லூரிகள் இருப்பதால் இது சென்னைக்காரர்களுக்கு மட்டுமான வழி இல்லை. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், அறுவை எல்லாம் ஒரே வளாகத்தில், செலவும் குறைவு. மல்லிக்கு வயது கூடியிருந்தாலோ, வயிற்றில் கட்டி தட்டுப்பட்டிருந்தாலோ நேராக அங்கேதான் போயிருப்பேன். ஆனால் எந்தப் பெரிய மருத்துவமனையிலும் காத்திருப்பு உண்டு, சுற்றிலும் நாய்கள் இருக்கும். முயலுக்குப் பயமே சாப்பாட்டை நிறுத்திவிடும். நோயில்லாத, பயந்த சுபாவமுள்ள ஒரு முயலுக்கு அந்தக் காத்திருப்பு எனக்குச் சரியாகப் படவில்லை.

மூன்றாவது, 22 கிலோமீட்டர் தள்ளி, பறவை, ஆமை, முயல் என்று பார்க்கும் டாக்டர். பக்கத்து கிளினிக் சொன்னதைப் போல இரண்டரை மடங்கு கட்டணம். பட்டினி பற்றிக் கேட்டதும், “வேண்டவே வேண்டாம், அது தினமும் சாப்பிடுற கீரையையும் புல்லையும் கையோட கொண்டு வாங்க, கண் முழிச்சதும் கொடுக்கணும்” என்றார். ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு இருந்தது. மயக்கத்தில் இதயத்துடிப்பு குறையாமல் இருக்கப் போடும் அட்ரோபின் மருந்தைப் போடுவீர்களா என்று கேட்டேன், பல முயல்களின் உடம்பு அதைச் சீக்கிரமே உடைத்துவிடும், அதனால் அதற்குப் பதிலாகக் கிளைக்கோபைரோலேட் வைத்திருக்கிறேன் என்றார். வலிக்கு மெலாக்ஸிகாம், வாய்வழி அமாக்ஸிசிலின் ஆன்டிபயாடிக் கிடையாது (அது முயல் குடலில் உள்ள நல்ல கிருமிகளைக் கெடுத்து உயிரையே வாங்கிவிடும்), தையல் தோலுக்கு உள்ளேயே போட்டுக் கரைந்துவிடும், கடித்துப் பிடுங்க நூல் வெளியே இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, மல்லி சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்புவேன், ராத்திரி எத்தனை மணிக்கும் கூப்பிடலாம் என்றார். அந்த இரண்டரை மடங்கில் பெரும்பகுதி இதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன், கொஞ்சமும் வருத்தமில்லை.

நவம்பரில் முதலில் முத்துவுக்குச் செய்தோம். சின்ன அறுவை, அந்த டாக்டர் எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்று நேரில் தெரிந்துகொள்ளவும் அது உதவியது. மல்லிக்கு ஜனவரியில். வேண்டுமென்றேதான் ஜனவரி, முப்பது டிகிரியைத் தாண்டினாலே முயல் தவித்துப்போகும், மே மாத மின்வெட்டில் தையலோடு அவளை வைத்திருக்க எனக்குத் தைரியமில்லை. அங்கே நாலு கொத்தமல்லி இலை தின்றவள் வீட்டுக்கு வந்ததும் சுருண்டு படுத்துக்கொண்டாள். ஒன்பது மணிக்கு டாக்டரைக் கூப்பிட்டேன், தீவனத்தை ஊறவைத்துக் கூழாக்கி ஊசியில்லாத சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். இரண்டு மணி வாக்கில் முதல் புழுக்கை. பயறு அளவுக்கு ஏழே ஏழு. அம்மாதான் எண்ணினாள்.

முயல் டாக்டரே இல்லாத ஊரில் இருக்கிறீர்கள், பயணமும் முடியாது என்றால், நான் பழக்கமில்லாத கையில் பெண் முயலின் வயிற்றைத் திறக்க விடமாட்டேன். ஆணுக்கு மட்டும் செய்துவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெண்ணின் வயிற்றைத் தடவிப் பார்க்கச் சொல்லலாம். மூத்திரத்தில் சிவப்பு தெரிந்தால் மட்டும் தாமதிக்கவே கூடாது. சில கீரைகளாலும் நிறம் மாறும்தான், ஆனால் அது ரத்தமா என்று பரிசோதித்துத்தான் சொல்ல முடியும், அந்த நிலையில் எவ்வளவு தூரமானாலும் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.