குடும்ப முகாம்: குழுவே நடத்துவதா, கவுன்சில் நடத்துவதற்குச் செல்வதா?

அமெரிக்காவில் சாரணர் இயக்கத்தின் இளைய பிரிவான கப் ஸ்கவுட் வயதுப் பிள்ளைகள், அதாவது பாலர் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிப்பவர்கள், இரவு தங்கும் முகாமுக்குப் பொதுவாகப் பெற்றோருடன்தான் செல்கிறார்கள். ஆகவே இந்த வயதில் முகாம் என்பது முழுக் குடும்பத்துக்குமான ஏற்பாடு. செப்டம்பரில் புதிதாகச் சேரும் குடும்பங்கள் (நியூ ஜெர்சியில் உள்ள எங்கள் குழுவில் தமிழ்க் குடும்பங்களும் கணிசமாக உண்டு) எங்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வி, இரண்டு முகாம்களில் எதற்கு வருவது என்பதே. ஒன்று, உள்ளூர்க் குழுவே மாநிலப் பூங்காவில் இடம் பதிவு செய்து நடத்தும் சனி, ஞாயிறு முகாம். மற்றொன்று, பல ஊர்க் குழுக்களுக்கும் மேலே உள்ள கவுன்சில் தன் சொந்த நிலத்தில் நடத்தும் குடும்ப முகாம். ஒரு தந்தையாகவும் சிறு அணி ஒன்றின் பொறுப்பாளராகவும் நான்கு ஆண்டுகளாக இரண்டுக்கும் சென்று வந்திருப்பதால், இந்த ஒப்பீட்டை எழுதும் கடமை எனக்கு இருப்பதாக நினைக்கிறேன்.

கவுன்சில் முகாமின் முதல் பலம் அதன் கட்டமைப்பு. வட நியூ ஜெர்சியின் ஹார்ட்விக்கில் உள்ள நோபிபாஸ்கோ முகாம் 1927 முதல் இயங்கி வருவதைப் போல, பல கவுன்சில்களின் நிலங்கள் தலைமுறைகளாகச் சாரணர்களுக்கென்றே பராமரிக்கப்படுபவை. உணவுக்கூடம், ஏரி, படகுகள், முதலுதவிக்கு ஆள், நிகழ்ச்சிகளை நடத்தப் பயிற்சி பெற்ற இளைஞர்கள் என்று எல்லாம் தயாராக இருக்கும். அங்கே மட்டுமே கிடைக்கும் அனுபவங்களும் உண்டு. சிறு உலோகக் குண்டுகளைக் காற்றழுத்தத்தால் செலுத்தும் ‘பிபி’ துப்பாக்கி சுடுவதை உள்ளூர்க் குழு தானாக நடத்த விதிகள் இடம் தருவதில்லை. கவுன்சிலோ அதன் கிளையான ‘மாவட்டமோ’ நடத்தும் நிகழ்வில், தகுதி பெற்ற மேற்பார்வையாளரின் முன்னிலையில்தான் அதைச் செய்யலாம். துப்பாக்கிக்காக ஏங்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஆனால் அந்த ஏக்கத்துக்குக் காத்திருப்பு என்ற விலை உண்டு. நாங்கள் சென்ற ஒரு கவுன்சில் முகாமில் வில்வித்தைக்கான வரிசையில் முக்கால் மணி நேரம் நின்ற பிறகு என் மகனுக்குக் கிடைத்தவை ஐந்து அம்புகள். மூன்றாவது அம்பு இலக்கின் விளிம்பில் தைத்தபோது அவன் முகத்தில் தோன்றிய மலர்ச்சியை நான் மறக்கவில்லை. அதை மறைத்து எழுதினால் இந்த ஒப்பீடு நேர்மையாக இராது. எனினும் அந்த நாள் முழுவதும் நாங்கள் ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்குக் கால அட்டவணையைப் பார்த்தபடி நடந்துகொண்டே இருந்தோம். எங்கள் குழுவின் மற்றக் குடும்பங்களோடு பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து பேசியது மாலைத் தீமூட்டத்தின்போதுதான்.

குழு நடத்தும் முகாமில் நிலைமை நேர்மாறானது. ஸ்டோக்ஸ் மாநில வனம் போன்ற இடத்தில் குழுக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட திடல் ஒன்றைப் பதிவு செய்துகொண்டால், அங்கே நமக்காகக் காத்திருப்பவை மரங்களும், மேசைகளும், தீமூட்டும் வளையமும் மட்டுமே. தண்ணீர் சுமப்பது, கூடாரம் அடிப்பது, சமைப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் நம் பொறுப்பு. பெற்றோர் அஞ்சுவதும் இதற்குத்தான். பிள்ளைகள் வளர்வது இங்கேதான் என்பது என் உறுதியான கருத்து.

பாத்திரம் கழுவுவதையே எடுத்துக்கொள்வோம். சாரணர் முகாம்களில் மூன்று தொட்டி முறை வழக்கம்: முதல் தொட்டியில் சோப்புக் கரைத்த வெந்நீர், இரண்டாவதில் அலசுவதற்கு வெந்நீர், மூன்றாவதில் கிருமிநாசினி கலந்த தண்ணீர். சென்ற இலையுதிர்காலத்தில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி மூன்றாவது தொட்டியின் அருகில் நின்று, அலசாமல் வந்த தட்டுகளை ஒரு சொல்லும் பேசாமல் இரண்டாவது தொட்டிக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். பெரியவர்களின் தட்டுகளும் தப்பவில்லை. வீட்டில் தன் தட்டைக்கூட எடுத்து வைக்க மாட்டாள் என்று அவளுடைய தாய் வியந்தார். உணவுக்கூடம் உள்ள முகாமில் இந்தப் பொறுப்பு ஒரு பிள்ளைக்கு இந்த அளவில் வாய்ப்பது அரிது.

உணவைப் பொறுத்தவரை, மரக்கறி உண்ணும் குடும்பங்களுக்கு வேறுபாடு இன்னும் பெரியது. கவுன்சில் முகாமுக்குப் பதிவு செய்யும்போதே மரக்கறி என்று குறிப்பிட்டுவிட வேண்டும்; குறிப்பிட்டாலும் சில வேளைகளில் கிடைப்பது பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியும் பழமும்தான். தீமூட்டத்தில் வாட்டித் தின்னும் சாதாரண மார்ஷ்மெல்லோவில் விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படும் ஜெலட்டின் இருக்கிறது என்பது புதிதாக வரும் பலருக்குத் தெரிவதில்லை. ஜெலட்டின் சேராத வகையைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. குழு முகாமில் அடுப்பு நம் கையில் இருப்பதால், ஞாயிறு காலையில் வார்ப்பிரும்புச் சட்டியில் ரவை உப்புமாவும், வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிக்காய்ச்சலில் பிசைந்த சோறும், பக்கத்து மேசையில் பான்கேக்கும் என்று எல்லாம் பந்திக்கு வருகின்றன. உப்புமாவை முதன்முறையாகப் பார்த்த பிள்ளைகள் இரண்டாம் முறை தட்டை நீட்டியதையும் கண்டிருக்கிறேன்.

இரவைப் பற்றித்தான் கேள்விகள் அதிகம் வருகின்றன. கவுன்சில் நிலங்கள் பலவற்றில் மரத்தளத்தின் மேல் அமைத்த கூடாரங்களோ மரக்குடில்களோ கிடைக்கும். தரையின் ஈரம் ஏறாது. குழு முகாமில் நம் கூடாரமே நம் வீடு. வடமேற்கு நியூ ஜெர்சியின் குன்றுகளில் அக்டோபர் இரவின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியசுக்கு வெகு கீழே இறங்கிவிடும். தடித்த போர்வை எத்தனை இருந்தாலும், உடம்புச் சூட்டைத் தரைதான் இழுக்கிறது. காற்றடைத்த சாதாரண மெத்தை சொகுசாகத் தோன்றினாலும் அதனுள் இருக்கும் காற்று குளிர்ந்துவிடுவதால், மெல்லிய நுரைப்பாய் அதைவிட நன்றாகச் சூட்டைக் காக்கும். முதல் ஆண்டில் இது தெரியாமல் நானும் மனைவியும் விடியும்வரை நடுங்கினோம். நுரைப்பாயில் படுத்த மகன் நிம்மதியாகத் தூங்கினான். அந்தப் பகுதியில் கருங்கரடிகள் நடமாடுவதால், உணவு மட்டுமன்றிப் பற்பசையும் காரில் பூட்டப்பட வேண்டும். விறகை வீட்டிலிருந்து கொண்டு செல்லாமல் முகாமுக்கு அருகிலேயே வாங்குவது முறை, ஏனெனில் ‘ஆஷ்’ என்னும் மரங்களை அழிக்கும் வண்டு போன்ற பூச்சிகள் விறகோடு சேர்ந்துதான் ஊர் விட்டு ஊர் பரவுகின்றன.

விதிகளில் இரண்டுக்கும் வேறுபாடு குறைவு. 72 மணி நேரத்துக்கு உட்பட்ட முகாமுக்கு உடல்நலப் படிவத்தின் ‘ஏ’, ‘பி’ பகுதிகள் ஒவ்வொருவருக்கும் தேவை. 2023 செப்டம்பர் முதல் இரவு தங்கும் பெரியவர்கள் அனைவரும் சாரணர் அமைப்பில் பதிவு பெற்றிருக்க வேண்டும். தம் சொந்தப் பிள்ளையோடு வரும் கப் ஸ்கவுட் பெற்றோருக்கும் சட்டப்படியான பாதுகாவலருக்கும் மட்டும் விலக்கு உண்டு. ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா, பாட்டியை உடன் அழைத்து வரலாமா என்று நம் குடும்பங்கள் ஆண்டுதோறும் கேட்கின்றன. பகலில் வந்து செல்லலாம். பதிவு இல்லாமல் இரவு தங்க இயலாது. உண்ணி கடித்திருக்கிறதா என்று காலையும் மாலையும் பிள்ளைகளின் உடம்பைப் பார்ப்பதும் இரண்டு இடத்திலும் கட்டாயம். லைம் நோயைப் பரப்பும் உண்ணி பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் நோய் தொற்றும் என்பதால், உடனே கண்டு அகற்றுவதே பெரும் பாதுகாப்பு.

செலவில் குழு முகாமே குறைவு. அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குழுவோடு சேராமல் தனியாகக் குடில் எடுத்துத் தங்கலாம் என்று கருதும் குடும்பங்களும் உண்டு. அது நல்ல விடுமுறைதான். ஆனால் பிள்ளைக்கு அதில் தோழர்கள் இல்லை.

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் முகாமில் ஏறத்தாழ 20 சிறுவர்களே இருந்தனர். அவர்களையும் அவர் நான்கு சிறு அணிகளாகப் பிரித்தார். சிறு கூட்டத்தில்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வேலையும் ஒரு பெயரும் கிடைக்கின்றன. நூற்றுக்கணக்கானோர் கூடும் வாரயிறுதியில் என் மகன் ஒரு பங்கேற்பாளன். எங்கள் திடலில் அவன் விறகு அடுக்குபவன்; ஞாயிறு காலை வழிபாட்டில் ‘அகர முதல எழுத்தெல்லாம்’ என்று தொடங்கி எல்லாருக்கும் பொருள் சொன்னவன்.

ஆகவே குழு முகாமையே நான் பரிந்துரைக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. குழுவின் இரவு முகாமில் ‘பலூ’ எனப்படும் வெளிப்புறப் பயிற்சியை முடித்த பெரியவர் ஒருவராவது இருந்தாக வேண்டும். இடமும் கவுன்சிலின் ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும். அத்தகைய ஒருவர் உங்கள் குழுவில் இல்லையென்றால் இந்த ஆண்டு கவுன்சில் முகாமுக்கே செல்லுங்கள்; பிள்ளை அம்பு எய்யட்டும். வசந்தத்தில் பெற்றோர் இருவர் அந்தப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்து, கோடை முடிவதற்குள் அக்டோபருக்கான திடலைப் பதிவு செய்துவிடுங்கள். நுரைப்பாய்களையும் அப்போதே வாங்கிவிடலாம்.