பவுண்டன்: எழுதுபவருக்குப் போதும், தயாரிப்பவருக்கு அரைவாசி

தொலைக்காட்சித் தொடர் எழுத இறங்கும் ஆள் முதலில் தேடுவது மென்பொருளை. பவுண்டன் (Fountain) மென்பொருளே அல்ல. வெறும் எழுத்துக்கோப்பில் சில குறிகளை இட்டுத் திரைக்கதை எழுதும் முறை. 2012இல் வந்தது, காசில்லை. கைத்தொலைபேசியின் குறிப்பேடு போதும். கரண்ட் போனாலும் டேட்டா முடிந்தாலும் வேலை நிற்காது.

ஆங்கிலத்தில் ஒரு வரி முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்தால் அதைப் பாத்திரப் பெயராக எடுத்துக்கொள்ளும். தமிழில் பெரிய எழுத்து ஏது? அதனால் பெயருக்கு முன் @, காட்சித் தலைப்புக்கு முன் ஒற்றைப் புள்ளி.

.வெளி. இரணைமடுக் குளக்கட்டு - மாலை

@பெரியப்பா
(சைக்கிளை நிறுத்தியபடி)
வான்கதவு திறந்தாச்சோ?

பெயருக்கு மேலே ஒரு வெற்று வரி வேண்டும், கீழே கூடாது. கீழே விட்டால் வசனம் வெறும் காட்சி விவரிப்பாகிவிடும். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிப் பழகியவர்கள் யுனிகோடுக்கு மாறியே ஆகவேண்டும். பாமினி எழுத்து திரையில் தமிழ், கோப்புக்குள்ளே ஆங்கிலம்.

பெரிய குறை பிடிஎப். பவுண்டன் கோப்பைப் பிடிஎப் ஆக்கும் செயலிகள் பல கூரியர் எழுத்துருவை நம்பியவை, அதில் தமிழே இல்லை. கட்டம் கட்டமாக வரும், அல்லது 'கெ'யின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். வேர்டில் ஒட்டி, தமிழ் எழுத்துரு கொடுத்து, அங்கிருந்து பிடிஎப் ஆக்குங்கள். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கும் கூரியர் 12 புள்ளிக்கு உரியது, தமிழுக்குச் சரிவராது. வசனத்தை வாய்விட்டுப் படித்து, கடிகாரம் வைத்து அளப்பதே நம்பகம்.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் கடைநிலை எழுத்தாளராகச் சேர்பவர் கதைத் தொகுப்பாளர், இணைத் தயாரிப்பாளர், தயாரிப்பாளர் என ஏறி நிர்வாகத் தயாரிப்பாளர் வரை போகலாம். வன்னியில் அப்படியொரு ஏணி இல்லை. எழுதினவரே முதல் நாளிலிருந்து வான் வாடகையும் சாப்பாட்டுப் பார்சலும் கணக்குப் பார்க்கவேண்டும். அந்தப் பாதி வேலைக்குப் பவுண்டன் கைகொடுப்பது கொஞ்சம்தான். படப்பிடிப்பு அட்டவணை இல்லை, எந்தத் திருத்தம் எது என்று காட்டத் திருத்தப் பக்கங்களுக்கு நிறம் கொடுக்கும் வசதியும் இல்லை.

ஆனாலும் எழுத்துக்கோப்பு என்பதால் காட்சித் தலைப்புகளை மட்டும் பிரித்து எக்செலில் போட்டு இடவாரியாக அடுக்கலாம். முல்லைத்தீவுக் கடற்கரைக் காட்சிகள் ஐந்து அத்தியாயங்களில் சிதறிக் கிடந்தாலும் ஒரே நாளில் எடுத்து முடிக்கலாம். இடப்பெயரை எங்கும் ஒரே மாதிரி எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான். 'கிளிநொச்சிச் சந்தை' என்று ஓரிடத்திலும் 'சந்தை, கிளிநொச்சி' என்று இன்னோரிடத்திலும் இருந்தால் பட்டியலில் இரண்டு இடமாகும், வானும் இரண்டு தரம் ஓடும்.

காட்சி எண்ணைத் தலைப்பின் முடிவில் #12# என்று இடலாம். பிரதியைக் குழுவுக்குக் கொடுத்தபின் புதுக் காட்சி சேர்ந்தால் 12அ என்று போடுங்கள். மற்ற எண்களை மாற்றினால் கமராக்காரர் கையில் ஒரு 13, நடிகர் கையில் வேறொரு 13.