வீட்டுவழிக் கல்வி: அரசு எப்போது கதவைத் தட்டலாம்?

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்க விரும்பும் பெற்றோரை வெவ்வேறு நாடுகள் எப்படி நடத்துகின்றன என்று ஒப்பிடுபவர்கள், பெரும்பாலும் ‘அனுமதி உண்டா, இல்லையா’ என்பதோடு நின்றுவிடுகிறார்கள். அது போதாது. அரசு எந்தக் கட்டத்தில் குடும்பத்துக்குள் நுழைகிறது, நுழைந்ததும் குழந்தையின் கற்றலைப் பற்றிக் கேட்கிறதா அல்லது பெற்றோரின் காரணத்தைப் பற்றிக் கேட்கிறதா என்பதையே நான் அளவுகோலாகக் கொள்கிறேன்.

ஒரு கோடியில் ஜெர்மனி இருக்கிறது. நோய் போன்ற மிகச் சில விலக்குகள் தவிர, அங்கே குழந்தை பள்ளிக்கு நேரில் சென்றே ஆக வேண்டும். மத அடிப்படையிலோ கொள்கை அடிப்படையிலோ, மற்றவர்களோடு கலவாமல் தனித்து வாழும் ‘இணைச் சமூகங்கள்’ உருவாகாமல் தடுப்பதில் பொதுநலன் உண்டு என்பது அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றத்தின் நிலைப்பாடு. மாறுபட்ட கருத்துள்ளவர்களோடு பழகாமல் வளரும் குழந்தையைப் பற்றிய அந்தக் கவலையை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் 2013 ஆகஸ்டில் ஹெசன் மாநிலத்தில் நடந்ததைப் பார்த்தால் அந்த முறை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பது புரியும். காவல்துறையின் துணையோடு ஒரு வீட்டுக்கு வந்த அதிகாரிகள், நான்கு பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் காப்பகத்தில் வைத்தார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோர் ஒப்புக்கொண்ட பிறகு, ஏறத்தாழ மூன்று வாரங்கள் கழித்தே அவர்கள் வீடு திரும்பினார்கள். 2019 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இதில் உரிமை மீறல் இல்லை என்று தீர்ப்பளித்தது. முன்னதாகப் பிள்ளைகளின் கற்றலை அதிகாரிகள் மதிப்பிடப் பெற்றோர் இணங்கவில்லை என்பது உண்மைதான். ஆயினும் அந்தப் பிள்ளைகளுக்குப் போதிய அறிவும், பிறரோடு பழகும் திறனும், பெற்றோருடன் அன்பான உறவும் இருந்தன என்ற தகவல், பிரித்தெடுத்த பிறகுதான் அதிகாரிகளுக்குக் கிடைத்தது என்பதை அதே தீர்ப்பே பதிவுசெய்கிறது. முதலில் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று கடைசியில் தெரியவந்திருக்கிறது.

பிரான்சையும் இங்கிலாந்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பது இன்னும் பயன் தரும். இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, வயதுக்கும் திறனுக்கும் ஏற்ற முழுநேரக் கல்வி கிடைக்கச் செய்வது பெற்றோரின் கடமை என்கிறது; அது பள்ளி வழியாகவும் இருக்கலாம், வேறு வழியாகவும் இருக்கலாம். தக்க கல்வி கிடைக்கவில்லை என்று தோன்றினால், உள்ளாட்சி அமைப்பு 437ஆம் பிரிவின் கீழ் குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்துப் பெற்றோரிடம் விளக்கம் கேட்க வேண்டும். ஐயம் எழுந்த பிறகே கேள்வி எழுகிறது.

பிரான்சும் நெடுங்காலம் இப்படித்தான் இருந்தது. 1882 முதல் வீட்டில் கற்பிக்க அறிவித்தாலே போதும். 2021 ஆகஸ்ட் 24ஆம் நாளின் சட்டம், 2022–23 கல்வியாண்டிலிருந்து அதை முன் அனுமதியாக மாற்றிவிட்டது. உடல்நலம் அல்லது மாற்றுத்திறன், தீவிர விளையாட்டு அல்லது கலைப் பயிற்சி, ஊர் ஊராகப் பெயரும் குடும்பம் அல்லது பள்ளியின் தொலைவு, குழந்தைக்கே உரிய தனிச் சூழல் என்று நான்கு காரணங்களுள் ஒன்றைக் காட்டி, பெரும்பாலும் ஆண்டுதோறும் விண்ணப்பிக்க வேண்டும். இதை மிகப் பெரிய பின்னடைவாகக் கருதுகிறேன். முந்தைய ஆண்டு ஆய்வாளர் வந்து, நோட்டுகளைப் புரட்டி, குழந்தையோடு பேசி நிறைவடைந்த வீட்டிலும், அடுத்த ஆண்டு ‘உங்கள் காரணம் போதுமானதா’ என்ற கேள்வியே முன்னால் வந்து நிற்கிறது. நன்றாகக் கற்பிப்பது மட்டுமே அந்தக் கேள்விக்கு விடையாகிவிடாது.

அமெரிக்காவில் இரு துருவங்களும் ஒரே நாட்டுக்குள் இருக்கின்றன. டெக்சாஸில் பெற்றோர் யாருக்கும் அறிவிக்க வேண்டியதில்லை. நியூயார்க்கிலோ ஆண்டுத் திட்டம், காலாண்டு அறிக்கைகள், ஆண்டு மதிப்பீடு எல்லாம் வேண்டும். முதல் ஆறு வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 900 மணி நேரக் கற்பித்தலும் கணக்கில் வர வேண்டும். ஒரு சிறுமி காலை முழுவதும் சன்னலோரம் அமர்ந்து, பறவை கூடு கட்டுவதைப் பார்த்து வரைந்து, கொண்டுவந்த குச்சிகளை எண்ணிக் குறித்து வைக்கிறாள் என்று கொள்வோம். அது அறிவியலா, ஓவியமா, கணக்கா என்று அன்றிரவு தாய் கட்டங்களை நிரப்ப வேண்டியிருக்கிறது. ஆனாலும் டெக்சாஸ் முறையை என்னால் ஏற்க முடியவில்லை. கல்வி குழந்தையின் உரிமை. அக்கறையற்ற பெற்றோரிடம் சிக்கிய குழந்தை இருப்பதே யாருக்கும் தெரியாமல் போகும் நிலையைச் சுதந்திரம் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை.

எஞ்சியவை ஆஸ்திரியாவும் பின்லாந்தும். ஆஸ்திரியாவில் அறிவித்துவிட்டுக் கற்பிக்கலாம். ஆண்டு இறுதியில் குழந்தை தேர்வு எழுத வேண்டும், தேறாவிட்டால் பள்ளிக்குச் செல்ல வேண்டும். காரணத்தை விட்டுக் கற்றலைப் பார்க்கும் இந்த முறையை வரவேற்கிறேன். ஆனால் தாமதமாக வாசிக்கத் தொடங்கும் குழந்தைக்கு ஒரே தேர்வில் எல்லாம் முடிந்துவிடுவது கடுமையானது. பின்லாந்தில் சட்டம் கேட்பது கற்றலையே, பள்ளி வருகையை அல்ல. வீட்டில் பயிலும் குழந்தையின் முன்னேற்றத்தைக் கவனிக்கும் பொறுப்பு நகராட்சியுடையது. முன்னேற்றம் என்றால் சென்ற ஆண்டின் நோட்டையும் இந்த ஆண்டின் நோட்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது. நான் தேர்ந்தெடுப்பது பின்லாந்தின் முறையைத்தான். பார்க்க வரும் ஆசிரியர் ஆண்டுக்கு ஆண்டு மாறாமல் இருந்தால், அந்தக் குழந்தை அவரிடம் தயங்காமல் பேசவும் செய்யும்.